லூலாவின் வழக்கு போன வழியே: பிரேசிலில் எட்டு நாள்

முதல் நாள்: கயேத்தேஸ்

ரெசிஃபேயில் பஸ் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடி கரான்யுன்ஸில் இறக்கிவிட்டபோது ஒரு துண்டாவது போர்த்திக்கொண்டால் தேவலை என்று இருந்தது. கடல்மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே உள்ள ஊர். பெர்னாம்புகோ மாநிலத்துக்காரர்கள் குளிருக்காகவே இங்கே வருகிறார்கள்.

நான் வந்தது பக்கத்தில் இருக்கும் கயேத்தேஸுக்காக. பிரேசில் அதிபர் லூலா பிறந்த இடம். 1945 அக்டோபர் 27-ல் அவர் பிறந்தபோது கயேத்தேஸ் தனி ஊராகக்கூட இல்லை, கரான்யுன்ஸின் ஒரு பகுதி. வாடகை வண்டியில் போய் இறங்கினால் சாலையின் இரண்டு பக்கமும் மரவள்ளி, கள்ளி, கொஞ்சம் பீன்ஸ், அப்புறம் வெறும் தரை. மழை பொய்த்தால் எதுவும் இல்லை. மதியம் சாப்பிட்டதும் வேகவைத்த மரவள்ளியும் உப்புக்கண்டமும்தான். வெண்ணெய் உருக்கி ஊற்றித் தந்தார்கள். வயிறு நிறைந்தது.

எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது லூலா. அவர் பிறந்த சமயத்திலேயே அப்பா பிழைப்புத் தேடி தெற்கே சான்டோஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டார். 1952 டிசம்பரில் அம்மா லிண்டு இருந்ததை விற்றுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லாரி ஏறினார். பாவ் டி அராரா என்பார்கள். கிளி உட்காரும் கம்பு என்று அர்த்தம். திறந்த லாரியில் குறுக்கே பலகை போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பு கட்டியிருப்பார்கள். 13 நாள் அந்தப் பலகையில் உட்கார்ந்து போனார்கள். போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது.

இந்தப் பயணத்தை ஏன் இங்கே தொடங்குகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். லூலா ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்டு 580 நாள் சிறையில் இருந்தார். பிறகு தண்டனை ரத்தானது, மூன்றாவது முறையாக அதிபரானார். செய்தியில் இவ்வளவுதான் வரும். திருடன் என்பவர்களும் இருக்கிறார்கள், பழிவாங்கப்பட்டவர் என்பவர்களும் இருக்கிறார்கள். ரத்து என்றால் என்ன, யார் ரத்து செய்தார்கள், எதற்காக என்று கேட்டால் இரண்டு பக்கமும் தடுமாறுகிறது. வழக்கு எந்தெந்த ஊர் வழியாகப் போனதோ அந்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

நாளை ரெசிஃபேயிலிருந்து விமானம். அந்தக் குடும்பம் 13 நாள் போன தூரத்துக்கு எனக்கு மூன்று மணி நேரம்தான்.

இரண்டாம் நாள்: சாவோ பெர்னார்டோ

சாவோ பாவ்லோ மெட்ரோவில் ஜபக்குவாரா கடைசி நிலையம். அங்கே மின்கம்பியில் ஓடும் பஸ் கிடைக்கும். தியாதெமா வழியாக சாவோ பெர்னார்டோ வந்து சேர்ந்தேன். பிரேசிலின் கார்கள் பிறக்கும் பூமி இது. ஃபோக்ஸ்வாகன், ஃபோர்டு, ஸ்கானியா, மெர்சிடிஸ் எல்லாம் இங்கே தொழிற்சாலை போட்டன. இப்போது ஃபோர்டு இல்லை, 2019-ல் மூடிவிட்டார்கள்.

நான் ஐடிஐயில் டர்னர் படித்தவன். பன்னிரண்டு வருஷம் லேத்தின் முன்னால் நின்றிருக்கிறேன். லூலாவின் மேல் எனக்கு முதலில் ஒட்டுதல் வந்தது அரசியலால் இல்லை. அவரும் டர்னர் என்று படித்ததால்தான். சேனாய் என்கிற தொழிற்பயிற்சிப் பள்ளியில் லேத் படித்துச் சான்றிதழ் வாங்கினார். அந்த வீட்டில் பிழைப்புக்கு ஒரு தொழிலைப் பள்ளியில் கற்றுக்கொண்ட முதல் பிள்ளை. 2002 தேர்தலில் ஜெயித்து அதிபருக்கான சான்றிதழை வாங்கியபோது மேடையிலேயே அழுதார். பட்டம் இல்லாதவன் என்று இத்தனை காலம் ஏசப்பட்டவனுக்குக் கிடைத்த முதல் பட்டம் நாட்டின் அதிபர் பட்டம் என்றார்.

அவருடைய இடது கையில் சுண்டுவிரல் இல்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ராத்திரி ஷிப்டில் போனது. பிரஸ் மெஷினில் உடைந்த திருகுக்குப் புதிது கடைந்து மாட்டிக்கொண்டிருந்தபோது, பிரஸ்ஸைப் பிடித்திருந்தவர் கண் அசந்துவிட்டார். நசுங்கிய விரலோடு விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலாளி வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் விரலை மிச்சமில்லாமல் எடுத்துவிட்டார். பிரஸ் இருக்கும் எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு கை இருக்கும். எங்கள் பட்டறையிலும் இருந்தது.

லூலா தலைவராக இருந்த தொழிற்சங்கத்தின் கட்டடத்துக்கு முன்னால் நின்றேன். வெளியே தெருவில் காபி விற்கிற கடை. அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மெர்சிடிஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போனில் இருக்கிற மொழிபெயர்ப்பை வைத்துத்தான் பேசினோம். 1979 மார்ச்சில் விலா எவுக்லிதெஸ் மைதானத்தில் நடந்த முதல் கூட்டத்தைச் சொன்னார். அன்று ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. லூலா ஒரு மேசை மேல் ஏறி நின்று ஒரு வாக்கியம் சொல்வார். முன்வரிசை அதைத் திரும்பச் சத்தமாகச் சொல்லும். அது அடுத்த வரிசைக்குப் போகும், அடுத்ததுக்குப் போகும், மைதானத்தின் கடைசிவரை. அது போய்ச் சேர்ந்தபிறகுதான் அடுத்த வாக்கியம். அலை மாதிரி என்று பெரியவர் கையை வீசிக் காட்டினார். ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். வேலைநிறுத்தமே சட்டவிரோதம்.

2018 ஏப்ரலில் இதே கட்டடத்துக்குள்தான் லூலா இரண்டு நாள் இருந்தார். சரணடையச் சொல்லி நீதிபதி செர்ஜியோ மோரோ கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. கெடு தாண்டியது. தெருவெல்லாம் ஜனம். மறுநாள் 7-ம் தேதி, அதற்கு முந்தைய வருஷம் இறந்துபோன மனைவி மரீசாவின் பிறந்தநாள். வாசலில் நின்ற லாரி மேலேயே அவருக்காகப் பூசை நடந்தது. லூலா பேசினார், தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் அவர் காரில் ஏறிக் கிளம்பியபோது ஆதரவாளர்களே கேட்டை மறித்து விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் இறங்கிக் கூட்டத்துக்குள் நடந்தே வெளியே வந்து போலீஸிடம் போனார்.

தான் நிரபராதி என்று கடைசிவரை சொன்னவர், ஓடிப்போக வழி இருந்தும் போகவில்லை. அதை நான் மதிக்கிறேன்.

மூன்றாம் நாள்: சாவோ பாவ்லோ

லூஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் கட்டடம் ஒன்று. ராணுவ ஆட்சியில் அரசியல் போலீஸான டோப்ஸின் தலைமையகமாக இருந்தது. இப்போது எதிர்ப்பின் நினைவகம் என்று அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அனுமதி இலவசம். கீழ்த்தளத்தில் நாலு செல்கள். ஒன்றில் கைதிகள் சுவரில் கீறி வைத்த பெயர்களை, உயிரோடு இருந்தவர்களைக் கூப்பிட்டே திரும்ப எழுத வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் நடுவில் ஒரு சிவப்புப் பூ.

1980 ஏப்ரல் 19-ல் லூலாவை இங்கேதான் கொண்டுவந்தார்கள். 41 நாள் நடந்த வேலைநிறுத்தம், தேசப் பாதுகாப்புச் சட்டம், 31 நாள் சிறை. உள்ளே இருந்தபோதே அம்மா லிண்டு இறந்துபோனார். போலீஸ் காவலோடு அடக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார். அடுத்த வருஷம் ராணுவ நீதிமன்றம் மூன்றரை ஆண்டு தண்டனை விதித்தது. 1982-ல் மேல் ராணுவ நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆக தண்டனை ரத்தானது அவர் வாழ்க்கையில் இரண்டு முறை. முதலாவதைப் பற்றி இன்று யாரும் சண்டை போடுவதில்லை. வேலைநிறுத்தம் குற்றமில்லை என்று நாடே ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவதுதான் ஆறவில்லை.

நான்காம் நாள்: குவாருஜா

மலையிலிருந்து பஸ் சுரங்கம் சுரங்கமாக இறங்கி சான்டோஸ் வந்தது. அங்கிருந்து படகில் பத்து நிமிஷத்துக்குள் குவாருஜா. கார், சைக்கிள், ஆள் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றிக்கொள்ளும் பெரிய தட்டைப் படகு. எதிரே சரக்குக் கப்பல்கள் வரிசையாகக் காத்திருந்தன.

இங்கே வந்தபிறகுதான் ஒன்று உறைத்தது. 1952-ல் அந்த லாரிப் பயணம் முடிந்ததும் லிண்டு பிள்ளைகளோடு குடியேறிய இடம் விசென்தி டி கார்வால்யோ. அது குவாருஜாவின் துறைமுகப் பக்கம். ஏழு வயதுப் பையன் வேர்க்கடலையும் ஆரஞ்சும் விற்ற இடம். தீவின் இன்னொரு பக்கம், கடலைப் பார்த்த அஸ்தூரியாஸ் கடற்கரையில், சொலாரிஸ் என்கிற அடுக்குமாடி. அதில் 164-ஏ எண் கொண்ட மூன்று மாடி வீடு. அவரைச் சிறைக்கு அனுப்பிய வீடு. இரண்டும் ஒரே நகராட்சி.

கட்டடத்தைப் பார்த்தேன். மாளிகை ஒன்றும் இல்லை. கடற்கரை ஊர்களில் வசதியான நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் மாதிரியான வெள்ளைக் கட்டடம். பால்கனிகளில் துண்டு காய்ந்தது. உச்சியில் அந்த வீட்டின் கண்ணாடித் தடுப்பு தெரிந்தது. வாயிற்காவலர் நான் போட்டோ எடுப்பதைப் பார்த்ததும் கையை ஆட்டி வேண்டாம் என்றார். எத்தனை பேரைப் பார்த்தாரோ.

வழக்கு இதுதான். வங்கி ஊழியர் கூட்டுறவுச் சங்கம் கட்டத் தொடங்கிய குடியிருப்பு இது. மரீசா 2005-ல் ஒரு சாதாரண வீட்டுக்குப் பங்கு எடுத்துத் தவணை கட்டினார். சங்கம் நொடிந்ததும் ஓஏஎஸ் என்கிற கட்டுமான நிறுவனம் வேலையை எடுத்துக்கொண்டது. அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸின் ஒப்பந்தங்களுக்குக் கைம்மாறாக, சின்ன வீட்டுக்குப் பதில் மேலே உள்ள பெரிய வீட்டை லூலா குடும்பத்துக்கென ஒதுக்கி, லிஃப்ட் வைத்து, சமையலறை புதுப்பித்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. வீடு, வேலைப்பாடு என்று 20 லட்சம் ரெயாலுக்கு மேல் கணக்குச் சொன்னார்கள்.

லூலா சொன்னது: வாங்கலாமா என்று பார்க்க ஒருமுறை போனேன், பிடிக்கவில்லை, வாங்கவில்லை. பத்திரம் அவர் பெயரில் இல்லை. சாவி அவரிடம் இல்லை. ஒரு ராத்திரிகூட அங்கே தங்கியதில்லை. வீடு அவருக்குத்தான் என்று சொன்ன முக்கியச் சாட்சி ஓஏஎஸ் நிறுவனத்தின் தலைவர். அவரும் அதே வழக்கில் குற்றவாளி, வாக்குமூலத்தால் தண்டனை குறைந்தவர்.

இவ்வளவையும் படித்துவிட்டு எனக்கு என்ன தோன்றுகிறது? ஒரு கம்பெனி ஒரு முன்னாள் அதிபருக்காக ஒரு வீட்டைத் தயார் செய்தது என்பது நம்பக்கூடியதாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் சும்மா யாரும் வைக்கமாட்டார்கள். அது அரசு ஒப்பந்தத்துக்கான லஞ்சமா, அவர் அதை வாங்கிக்கொண்டாரா என்பதுதான் நிரூபிக்க வேண்டியது. 2017 ஜூலை 12-ல் மோரோ ஒன்பதரை ஆண்டு விதித்தார். தீர்ப்பு வந்த சில நாளில் லூலாவின் வக்கீல்கள் விளக்கம் கேட்டு மனு போட்டபோது மோரோவே எழுதினார்: பெட்ரோப்ராஸ் ஒப்பந்தங்களில் கிடைத்த பணம்தான் இந்த வீட்டுக்குப் போனது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாளை போகும் பாதை முழுக்க இந்த வரிதான்.

ஐந்தாம் நாள்: பஸ்ஸில்

சாவோ பாவ்லோவிலிருந்து குரிச்சிபாவுக்கு 400 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்துக்கு மேல். ரிபெய்ரா பள்ளத்தாக்கில் கண்ணுக்கு எட்டியவரை வாழை. தார்கள் மேல் நீலப் பிளாஸ்டிக் பை கட்டியிருக்கிறார்கள்.

வீடு சாவோ பாவ்லோ மாநிலத்தில். லூலா அதிபராக இருந்தது பிரசிலியாவில். பெட்ரோப்ராஸ் தலைமையகம் ரியோவில். அப்படியானால் வழக்கு ஏன் இந்த வாழைத்தோப்பெல்லாம் தாண்டி பரானா மாநிலத்துக் குரிச்சிபாவுக்குப் போனது?

காரணம் ஒரு கள்ளப்பணத் தரகர். அல்பெர்த்தோ யூசெஃப், பரானாவின் லொண்ட்ரீனா ஊர்க்காரர். பழைய வழக்கு ஒன்றில் அவரை மோரோவுக்கு ஏற்கெனவே தெரியும். பிரசிலியாவில் ஒரு பெட்ரோல் பங்கில் நடந்த பணமாற்று வியாபாரத்தைப் போலீஸ் ஒட்டுக்கேட்டபோது யூசெஃப் அகப்பட்டார். அவர் ஒருவருக்கு ரேஞ்ச் ரோவர் கார் வாங்கிக் கொடுத்திருந்தார். வாங்கியவர் பெட்ரோப்ராஸின் முன்னாள் இயக்குநர் பாவ்லோ ரொபெர்த்தோ கோஸ்தா. 2014 மார்ச் 17-ல் கைதுகள் தொடங்கின. லாவா ஜாத்தோ, அதாவது வண்டி கழுவும் இடம், என்று பெயர் வந்தது. அதன்பிறகு பெட்ரோப்ராஸ் சம்பந்தப்பட்ட வழக்கு எல்லாமே மோரோ நீதிபதியாக இருந்த குரிச்சிபாவின் 13-வது கூட்டாட்சி நீதிமன்றத்துக்குத்தான் என்று ஆனது.

ஊழல் கட்டுக்கதை இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லூலாவை நேசிக்கிற பலர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பெட்ரோப்ராஸின் ஒரு மேலாளர் மட்டும் கிட்டத்தட்ட 10 கோடி டாலரைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டார். கம்பெனி தன் கணக்கில் ஊழலால் போனது என்று 620 கோடி ரெயாலை எழுதித் தள்ளியது. ஒப்பந்தத்தில் சதவீதம் வைத்துக் கட்சிகளுக்குப் பணம் போனது. லூலாவின் தொழிலாளர் கட்சிக்கும் போனது. அவர் உருவாக்கிய கட்சி அது.

ஆனால் குரிச்சிபாவுக்கு உரிமை பெட்ரோப்ராஸ் வழக்கில் மட்டும்தான். வீட்டுக்கும் பெட்ரோப்ராஸ் பணத்துக்கும் நேரடி முடிச்சு இல்லை என்றால் இந்த வழக்கு இந்த ரோட்டில் வந்திருக்கவே கூடாது.

ஆறாம் நாள்: குரிச்சிபா, சான்டா கான்டிடா

இந்த ஊர் பஸ் நிறுத்தங்கள் கண்ணாடிக் குழாய் மாதிரி. உள்ளே நுழையும்போதே டிக்கெட், பஸ் வந்தால் தளமும் படியும் ஒரே மட்டத்தில் சேர்ந்துகொள்கிறது. மூன்று பெட்டி கோத்த சிவப்பு பஸ்ஸில் வடக்கே கடைசி நிறுத்தம் சான்டா கான்டிடா. அமைதியான குடியிருப்புப் பகுதி. பைன் மரங்கள், நாய்கள், சின்னச் சின்ன வீடுகள். ஒரு மேட்டில் கூட்டாட்சிப் போலீஸ் தலைமையகம். 2007-ல் லூலா அதிபராக இருந்தபோது திறந்த கட்டடம்.

2018 ஏப்ரல் 7 ராத்திரி ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இதன் நாலாவது மாடியில் வைத்தார்கள். 15 சதுர மீட்டர் அறை, கட்டில், மேசை, குளியலறை. சாதாரணச் சிறையைவிட நல்ல இடம்தான், மறைக்க வேண்டியதில்லை. தனியாக 580 நாள்.

எதிரே தெருவில் ஆதரவாளர்கள் கூடாரம் போட்டார்கள். அதில் பல மாதம் இருந்த ஒரு அம்மா இன்றும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். எனக்கு அந்தக் காலிமனையைக் காட்டினார். இப்போது புல்தான். காலையில் எல்லோரும் கட்டடத்தைப் பார்த்து நின்று, போம் தியா (காலை வணக்கம்), அதிபர் லூலா என்று 13 முறை கத்துவார்கள். 13 அவர்கள் கட்சியின் தேர்தல் எண். மதியம் 13 முறை, ராத்திரி 13 முறை. குளிரில், மழையில், ஒருநாள் விடாமல். குரிச்சிபா குளிர் பொல்லாதது, ஜூலையில் புல்லில் உறைபனி படியும். அந்த அம்மா எனக்குக் கத்திக் காட்டினார். மூன்றாவது முறையிலேயே குரல் கம்மி நின்றுவிட்டார். உள்ளே கேட்டதா என்றேன். கேட்டது என்று அவரே வெளியே வந்து சொன்னாரே என்றார்.

2019 ஜனவரியில் லூலாவின் அண்ணன் இறந்தார். அடக்கத்துக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்து, உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொண்டபோது குழியை மூடும் நேரம். போகவில்லை. மார்ச் 1-ல் ஏழு வயதுப் பேரன் இறந்தான். அப்போது அனுமதித்தார்கள். விமானத்தில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுபடி இந்த அறைக்கு. 1980-ல் அம்மா, 2019-ல் பேரன். தண்டனை சரியா தப்பா என்கிற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கேட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏழாம் நாள்: குரிச்சிபா, நீதிமன்றம்

அஹு பகுதியில், அனிதா கரிபால்டி சாலையில் கூட்டாட்சி நீதிமன்றம். சாதாரண அலுவலகக் கட்டடம். பார்க்க ஒன்றுமில்லை, அதனால் எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாடு முழுக்க மோரோவை ஹீரோவாகக் கொண்டாடிய காலம் உண்டு. கோடீஸ்வர ஒப்பந்தக்காரர்களை முதல்முறையாக உள்ளே வைத்தவர். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. பணக்காரனுக்குச் சிறையே கிடையாது என்று இருந்த நாடு அது.

அதே மோரோ செய்தவற்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். 2016 மார்ச்சில் லூலாவை முன்னறிவிப்பில்லாமல் போலீஸை அனுப்பி விசாரணைக்குக் கூட்டிப்போக வைத்தார். லூலாவின் வக்கீல்களுடைய அலுவலகத் தொலைபேசியை ஒட்டுக்கேட்க அனுமதித்தார். அப்போதைய அதிபர் தில்மா ருசெஃப் லூலாவை அமைச்சராக்கிய நாளில், இருவரும் பேசிய ஒலிப்பதிவை வெளியே விட்டார். அதிபரின் பேச்சை வெளியிட அவருக்கு அதிகாரமே இல்லை. நியமனம் நின்றுபோனது. செப்டம்பரில் அரசு வழக்கறிஞர் டெல்டன் டலக்னோல் பவர்பாயின்ட் போட்டார். நடுவில் லூலா என்று ஒரு நீல வட்டம், சுற்றியிருந்த பதினான்கு வட்டங்களிலிருந்தும் அதற்கு அம்பு.

2018 ஜனவரியில் போர்த்தோ அலெக்ரே மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை 12 ஆண்டு ஒரு மாதமாக ஏற்றியது. சிறையிலிருந்தபடியே லூலா வேட்புமனு கொடுத்தார். கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முன்னே. தேர்தல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டில் தண்டனை உறுதியானவர் போட்டியிடக்கூடாது என்கிற சட்டத்தின்படி. 2010-ல் அந்தச் சட்டத்தில் அதிபராகக் கையெழுத்துப் போட்டவர் லூலாதான். நல்ல சட்டம் என்று நம்பித்தான் போட்டார்.

தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் போல்சனாரோ ஜெயித்தார். மோரோ நீதிபதி வேலையை விட்டுவிட்டு அவருடைய நீதி அமைச்சரானார். என் மனதில் மோரோவைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது அங்கேதான். ஒரு வேட்பாளரை உள்ளே வைத்த நீதிபதி, அதனால் லாபம் அடைந்தவரிடம் பதவி வாங்கலாமா? எந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

2019 ஜூனில் இன்டர்செப்ட் செய்தித்தளம் டெலிகிராம் குறுஞ்செய்திகளை வெளியிட்டது. போன்களை ஹேக் செய்து திருடியவை. அவற்றில் மோரோ டலக்னோலுக்கு யோசனை சொல்கிறார், சாட்சி சொல்லக்கூடிய ஒருவரைக் காட்டுகிறார், சோதனைகளின் வரிசையை மாற்றலாமே என்கிறார். குற்றச்சாட்டு தாக்கலாவதற்குச் சில நாள் முன்னால் டலக்னோல் தன் குழுவிடம், பெட்ரோப்ராஸோடு வீட்டை இணைக்கும் முடிச்சு பலமாக இருக்கிறதா என்று கவலைப்படுகிறார். மோரோ இந்தச் செய்திகளை உண்மை என்று ஏற்கவில்லை, தப்பாக ஒன்றும் செய்யவில்லை என்றே சொல்லிவருகிறார். 2022-ல் பரானா மக்கள் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேக்கரிக்காரருக்கு நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்ததும் முகம் மாறியது. லூலா திருடியது திருடியதுதான், டெக்னிக்கலாகத் தப்பித்தான் என்றார். காபிக்குக் காசு வாங்க மறந்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். அவர் கோபம் பொய் இல்லை. ஆனால் கோபம் சேர வேண்டிய முகவரி இந்தச் சாலைக்கு எதிர்ப்பக்கமே இருக்கிறது என்று எனக்குப் பட்டது. சொன்னேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொள்ளவில்லை. காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள்: பிரசிலியா

செம்மண், பெரிய வானம், நடக்க முடியாத அகலச் சாலைகள். டிவி கோபுரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெட்ரோல் பங்க் இன்னும் ஓடுகிறது. வரிசையில் டாக்சிகள் நின்று பெட்ரோல் போட்டன.

மூன்று அதிகாரச் சதுக்கத்தில் ஒரு பக்கம் அதிபர் மாளிகை, எதிரே உச்ச நீதிமன்றம், நடுவில் நாடாளுமன்றம். நீதிமன்ற வாசலில் செஸ்கியாத்தி செய்த நீதிதேவதை. ஒரே கல்லில் உட்கார்ந்த பெண். கண்ணில் கட்டு, மடியில் வாள். கையில் தராசு கிடையாது. 2023 ஜனவரி 8-ல் போல்சனாரோ ஆதரவாளர்கள் இந்த மூன்று கட்டடங்களையும் உடைத்தபோது மார்பில் உதட்டுச்சாயத்தால் தோற்றாய் என்று எழுதினார்கள். இன்று தடம் இல்லை. கல் சாம்பல் நிறத்தில் வெயிலில் சுட்டது.

இந்த நீதிமன்றம் லூலாவுக்கு வேண்டியவர்களின் கூடாரம் என்று எழுதுபவர்களுக்கு ஒன்று. 2005-ல் மென்சலாவோ ஊழல் வெடித்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரவு வாங்கியது. லூலாவின் வலது கையாக இருந்த ஜோசே டிர்செவ் பதவியை விட்டார். 2012-ல் இதே நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. வழக்கை நடத்திய நீதிபதி ஜோவாகிம் பார்போசா லூலாவே 2003-ல் நியமித்தவர். லூலா மேல் அந்த வழக்கில் குற்றச்சாட்டே வரவில்லை. தனக்குத் தெரியாது என்றார். நான் அதை முழுசாக நம்பவில்லை.

2018-ல் அவரைச் சிறைக்கு அனுப்பிய வாக்கும் இங்கேதான் விழுந்தது, 6-க்கு 5. 2019 நவம்பரில் அதே கேள்விக்கு மறுபடி 6-க்கு 5, இந்த முறை எதிர்ப்பக்கம். எல்லா மேல்முறையீடும் முடியாமல் உள்ளே வைக்கக்கூடாது என்று. மறுநாளே லூலா வெளியே வந்தார். 2021 மார்ச் 8-ல் நீதிபதி எட்சன் ஃபாக்கின், குரிச்சிபாவுக்கு இந்த வழக்குகளில் அதிகார வரம்பே இல்லை என்று தண்டனைகளை ரத்து செய்தார். நான்காம் நாள் எழுதிய அந்த வரி இங்கே வந்து சேர்ந்தது. முழு அமர்வு 8-க்கு 3 என்று உறுதி செய்தது. மார்ச் 23-ல் இரண்டாவது அமர்வு, மோரோ நடுநிலையாக இல்லை என்று 3-க்கு 2 என்று தீர்த்தது. நீதிபதி கார்மென் லூசியா முன்னே மோரோ பக்கம் போட்ட வாக்கை மாற்றிக்கொண்டார்.

வழக்கு புதிதாக பிரசிலியாவில் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. 70 வயது தாண்டியவருக்கு வழக்குக்கான காலவரம்பு பாதி. 2022 ஜனவரியில் இந்த ஊர் நீதிபதி ஒருவர் காலம் கடந்துவிட்டது என்று வீட்டு வழக்கின் கோப்பை மூடினார். குற்றவாளி என்றும் சொல்லவில்லை, நிரபராதி என்றும் சொல்லவில்லை. குவாருஜாவில் அந்த லிஃப்ட் யாருக்காக வைக்கப்பட்டது என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்லப்போவதில்லை. ஒழுங்கான நீதிபதி ஒருவர், சரியான ஊரில், அவசரப்படாமல் விசாரித்திருந்தால் பேக்கரிக்காரருக்கும் பதில் கிடைத்திருக்கும், சான்டா கான்டிடா அம்மாவுக்கும் கிடைத்திருக்கும். எனக்கு இது ஆறவே இல்லை.

2022 அக்டோபர் 30-ல் லூலா 50.9 சதவீதம் வாங்கி ஜெயித்தார். பதவியேற்ற நாளில் அதிபர் மாளிகைச் சரிவில் ஏறியபோது அதிபருக்கான பட்டையை அணிவித்தது குப்பை பொறுக்கும் தொழிலாளியான ஒரு பெண். பிறகு தன் வழக்கை நடத்திய வக்கீல் கிரிஸ்தியானோ சனினை இந்த நீதிமன்றத்துக்கு நியமித்தார். அதை அவர் செய்திருக்கக்கூடாது. 2025 செப்டம்பரில் ஆட்சிக்கவிழ்ப்பு வழக்கில் போல்சனாரோவுக்கு 27 ஆண்டு மூன்று மாதம் விதித்த ஐவர் அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அதே சனின். ஆதாரம் பலமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அதனால்தான் அந்த நாற்காலியில் வேறு யாராவது இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் சிலையின் நிழல் படிக்கட்டுவரை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு பஸ்ஸில் கூட்டி வந்திருந்தார்கள். தராசு எங்கே டீச்சர் என்று ஒரு பையன் கேட்டது என் அரைகுறை போர்ச்சுகீஸுக்கே புரிந்தது. டீச்சர் என்ன சொன்னார் என்று காதில் விழுவதற்குள் காவலர் எல்லோரையும் கோட்டுக்குப் பின்னால் போகச் சொன்னார்.

காலை ஆறு மணிக்கு விமானம்.